பெயிண்ட் அக்காவுக்குத் தெரியாதவை

அவர் தலைக்கு எண்ணெய் வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பவுடர் கிடையாது, சென்ட் கிடையாது, கைக்குத் தடவும் கிரீம் கிடையாது. ஓசூர்க் குளிருக்கு மார்கழியில் எங்களுக்கெல்லாம் உதடு வெடிக்கும் என்றால் அவருக்குக் கை, கால், முகம் எல்லாமே வெடிக்கும். ஐயோ பாவம் என்று வாஸ்லின் டப்பாவை நீட்டினால் பாம்பைக் கண்டது போலப் பின்னால் நகர்வார். பெயிண்ட் அடிக்கும் கூடத்துக்குள் எண்ணெய்ப் பசை ஒரு துளி போனாலும் பூச்சில் குழி விழுமாம். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். அடுத்த நாள் திங்கட்கிழமை வருகிறதே என்றார். தங்கை மகள் கல்யாணத்தில் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் பளபளவென்று நிற்க, இவர் மட்டும் வறண்ட கொண்டையோடு, சீர்வரிசை பீரோவின் பக்கவாட்டில் சின்ன டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையில் அந்த டார்ச்சும் ஒரு வெள்ளைத் துணியும் எப்போதும் இருக்கும்.

பெயர் வேண்டாம். எழுதினால் கோபித்துக்கொள்வார். தொழிற்பேட்டையில் பெயிண்ட் அக்கா என்று கேட்டால் போதும், டீக்கடைக்காரர்கூட வழி சொல்வார். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பெங்களூரில் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் இருவருக்கும் வேலை. தொழிற்சாலைகளுக்கு என்ன நோய் என்று பார்த்து மருந்து சொல்வது எங்கள் பிழைப்பு. வீடு இரண்டு பேருக்கும் ஓசூரில். அத்திப்பள்ளி சோதனைச்சாவடி நெரிசலில் ஒரே காரில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் பழகினோம். பழகினோம் என்றால், நான் பேசினேன், அவர் கேட்டார். எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் வேலைக்கு அது நல்லதுதான்.

எங்கள் வேலையில் ஏணி இரண்டு. ஒன்றில் ஏறினால் பார்ட்னர் ஆகலாம், அதாவது கம்பெனிக்கே பங்குதாரர். அந்த ஏணியில் ஏறுகிறவருக்கு எதைப் பற்றிக் கேட்டாலும் பேச வரவேண்டும். காலையில் சிமெண்ட், மதியம் ஆஸ்பத்திரி, சாயங்காலம் வங்கி. வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும், பிடித்தவரை விடாமல் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று நிபுணர் ஏணி. ஒரே ஒரு விஷயம், அதில் கரை கண்டவர்களுக்கு. மரியாதைக்குக் குறைவில்லை, எந்தப் பிரச்சினை என்றாலும் முதலில் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்த ஏணிக்கு மேலே மாடி கிடையாது, பாதிச் சுவரோடு நின்றுவிடும். நான் முதல் ஏணியில், மேனேஜர் என்ற படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டாவது ஏணியின் கடைசிப் படியில் பல வருடமாக நின்றார்.

அவருடைய விஷயம் பெயிண்ட். அதுவும் எல்லாப் பெயிண்ட்டும் இல்லை. எங்கள் தெருவில் புது வீடு கட்டிய ஒருவர், வெளிச்சுவருக்கு என்ன அடிக்கலாம் என்று ஆசையாக வந்து கேட்டார். சுவருக்கு அடிப்பது எனக்குத் தெரியாதுங்க, தகடு மேல அடிப்பதுதான் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெயிண்ட் அக்காவுக்குப் பெயிண்ட் தெரியாதாம் என்று அந்த மனிதர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். இப்போது வேலையை விட்டுவிட்டுத் தொரப்பள்ளிப் பக்கம் அக்காவும் வீடு கட்டிக்கொண்டுவிட்டார். சுவருக்கு என்ன பெயிண்ட் என்று மேஸ்திரியைத்தான் கேட்டாராம்.

தெரியாது என்ற வார்த்தையை மற்றவர்கள் தொண்டைக்குள்ளேயே விழுங்கப் பார்ப்பார்கள். எங்கள் நிறுவனத்தில் அது கெட்ட வார்த்தை மாதிரி. இவர் வணக்கம் சொல்கிற மாதிரி சொல்வார். தமிழ்க்காரரிடம் தெரியாதுங்க, கன்னடக்காரரிடம் கொத்தில்லா, தெலுங்குக்காரரிடம் தெலீது. வீட்டில் அவர் பேசுவது தெலுங்கு, படித்தது தமிழ், வேலையில் பழகியது கன்னடம். மூன்றிலும் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதானோ என்று கேலி செய்வேன். இருக்கலாம் என்பார், சிரிக்காமல்.

தெரிந்த இடத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. ஒருநாள் என் வீட்டுக்காரரின் காரில் ஏறும்போது பின்கதவு அருகே நின்றுவிட்டார். டார்ச்சைச் சாய்த்து அடித்தார். வெள்ளைத் துணியால் ஒரு துடை துடைத்தார். இந்தக் கதவு எங்கேயோ இடிச்சிருக்குது, ஆறு மாசத்துக்குள்ள திரும்ப அடிச்சிருக்காங்க, அடிச்சவன் நல்லா அடிச்சிருக்கான் என்றார். அன்று சாயங்காலம் என் வீட்டில் ஒரே ரகளை. மனுஷன் அரை வருடமாக எனக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த விஷயம் அது. அதற்குப் பிறகு அக்கா வருகிறார் என்றால் அவர் பைக்கில் போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஆசையே இருக்காது என்று நானும் நினைத்திருந்தேன். இருந்தது. எங்கள் நிறுவனத்தில் வருடத்துக்கு ஒருமுறை பெரிய கூட்டம் நடக்கும். காலையில் எல்லாரும் ஒன்றாக உட்காருவோம். மதியத்துக்கு மேல் பார்ட்னர்கள் மட்டும் பேச வேண்டும் என்று அறிவிப்பு வரும். மற்றவர்கள் டீ டம்ளரோடு வராந்தாவுக்குப் போய்விடுவோம், கதவு சாத்தப்படும். எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது, வாடிக்கையாளருக்கு என்ன வாக்குக் கொடுப்பது என்பதெல்லாம் அந்தக் கதவுக்கு அப்பால் முடிவாகும். நிறைவேற்ற முடியாத வாக்குகள் பல தடவை அங்கிருந்துதான் வெளியே வந்தன. நிறைவேற்றச் சொல்லி அக்காவை அனுப்புவார்கள்.

ஒரு வருடம் வராந்தாவில் நிற்கும்போது சொன்னார். "ஒரு தடவையாச்சும் அந்தக் கதவைச் சாத்தறப்ப நான் உள்ள இருக்கணும்மா. ஆசை இல்லன்னு சொன்னா பொய்."

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. பெயிண்ட்டைத் தவிர வேறு எதையும் அவர் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த ஆசைக்கு வழியும் வந்தது. எங்கள் பார்ட்னர், சென்னைக்காரர், நல்ல மனிதர், அக்காவின் பெயரைப் பார்ட்னர் பட்டியலுக்குச் சிபாரிசு செய்தார். நிபுணர் ஏணியிலிருந்து இந்த ஏணிக்குத் தாவலாம், அப்படித் தாவியவர்கள் உண்டு. ஒரே நிபந்தனை. ஒரு பெரிய வேலை, ஒரு வருடத்துக்குக் குறையாமல், அவர் முன்னின்று நடத்துவதாக வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயிண்ட் மட்டும் போதாது, ஆலை முழுக்க.

ஆலையும் கிடைத்தது. சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரி போகும் சாலையில், பைக்குகளுக்குப் பெட்ரோல் டேங்க் செய்து அனுப்புகிறவர்கள். அனுப்பும்போது கண்ணாடி மாதிரி போகும் டேங்க், பைக் கம்பெனியில் உறையைப் பிரித்தால் மேலே வலை வலையாகத் தடம் விழுந்து கிடக்கும். எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். பெயிண்ட் கொடுத்தவர் ஓவனைக் குறை சொன்னார், ஓவன் செய்தவர் பெயிண்ட்டைக் குறை சொன்னார். இருவரையும் கேட்டுக் கேட்டு ஆலைத் தலைவருக்குத் தலை நரைத்திருந்தது.

அக்கா போய் ஓவனின் வாயருகே நின்றார். சூட்டில் வெந்து வெளியே வரும் டேங்குகள் கொக்கியில் தொங்கியபடி மெதுவாக நகர்ந்து வரும். ஓர் ஆள் கொக்கியிலிருந்து கழற்றி வைப்பார். கையுறை போட்ட ஒரு பெண் வலைபோன்ற நுரைத்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பாள். நான் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எந்த ஷிப்டில் எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் அங்கேயே நின்றார். சாப்பாட்டுக்கும் டீக்கும் தவிர நகரவில்லை. என்னதான் பார்க்கிறீர்கள் என்று போய்க் கேட்டால் வாயில் விரல் வைத்தார். அவர் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

சுற்றுகிற பெண் சாமல்பட்டிக்காரி. கழற்றுகிற ஆள் குப்பம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த தெலுங்குக்காரர். அவள் ஒவ்வொரு டேங்குக்கும் கேட்பாள், ஆறிடுச்சாண்ணா என்று. அவர் விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆரிந்தி என்பார். அவள் சுற்றிவிடுவாள். அக்கா திடீரென்று சிரித்தார். அவர் சிரித்ததை எண்ணி வைத்திருக்கலாம், அவ்வளவு அபூர்வம்.

தெலுங்கில் ஆரிந்தி என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சூடு தணிந்தது என்று அர்த்தமில்லை. ஈரம் ஒட்டுகிறதா என்று தொட்டுப் பார்த்து அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். சூடு தணிந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பெண்ணும் சரியாகத்தான் சுற்றினாள். கை பொறுக்கும் சூடுதான், ஆனால் பூச்சு அந்தச் சூட்டில் இன்னும் இளகித்தான் இருக்கும். சுற்றிய தாளின் வலை அப்படியே பதிந்துவிடும். கழற்றுகிறவரும் சுற்றுகிறவரும் இருவருமே தமிழாக இருந்த ஷிப்டில் தடம் இல்லை. இருவருமே தெலுங்காக இருந்தாலும் இல்லை. கலந்து நின்றால்தான் வந்தது. என் கம்ப்யூட்டரில் இருந்த எந்தக் கணக்கிலும் யார் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பது இல்லை.

அக்கா அந்தப் பெண்ணிடம் போனார். "ஆறிடுச்சான்னு கேக்காதம்மா. சூடு இருக்குதான்னு கேளு." அந்த மனிதரிடமும் தெலுங்கில் சொன்னார். அவ்வளவுதான், தடம் நின்றுவிட்டது.

ஆலைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. மொழியிலும் நீங்கள் நிபுணரா என்று கேட்டார். மொழி எனக்குத் தெரியாதுங்க, பெயிண்ட்டுக்குக் காயறது வேற, ஆறறது வேற, அது தெரியும் என்றார் அக்கா. எங்கள் பார்ட்னர் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்வதைக் கேட்டால் ஓவன் வாயில் அவரே நின்ற மாதிரி இருக்கும்.

ஆலைத் தலைவர் மனம் குளிர்ந்திருக்கும்போதே பெரிய வேலையைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று பார்ட்னர் கூட்டத்துக்குத் தேதி குறித்தார். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப், ஸ்டோர்ஸ், அனுப்பும் பிரிவு எல்லாம் சேர்த்து ஒரு வருடத் திட்டம். முன்னின்று நடத்துவது அக்கா. அந்த ஆலைக்கும் அது தேவைதான், யாரையும் ஏமாற்றும் வேலை இல்லை. வேலையை ஓட்ட நான் இருந்தேன், பிரஸ் ஷாப் தெரிந்த இன்னொரு நிபுணரைக் கூட்டி வரலாம். அக்கா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கூட்டத்தில் தெரியாது என்ற வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது. எதைக் கேட்டாலும் "பார்த்துச் சொல்றோம்" என்றால் போதும். பழக்கிவிடும் பொறுப்பை என் தலையில் கட்டினார் பார்ட்னர்.

ஓசூரிலிருந்து போகும் வழி முழுக்கக் காரில் பாடம் நடந்தது. நான் ஆலைத் தலைவர். ஸ்டோர்ஸில் சரக்கு ஏன் தேங்குது மேடம் என்று கேட்பேன். தெரியாதுங்க என்பார். அக்கா! என்று கத்துவேன். சரி சரி, பார்த்துச் சொல்றோம் என்பார், மருந்து குடிக்கிற குழந்தை முகத்தோடு. மறுபடி கேட்பேன், மறுபடி தெரியாதுங்க. டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சூளகிரி வருவதற்குள் ஒருவழியாக நாலைந்து தடவை தடுமாறாமல் சொல்லிவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கதவு சாத்தும்போது உள்ளே இருக்கப்போகிறீர்கள் என்றேன். வெட்கப்பட்டார். அன்றைக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கூட்டம் நன்றாகத்தான் போனது. பார்ட்னர் பேசினார், நான் பேசினேன். கடைசியில் ஆலைத் தலைவர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். பிரஸ் ஷாப்பில் தகடு கிழிந்துகொண்டே இருக்கிறது, பெயிண்ட் ஷாப்பில் சொன்ன மாதிரி இதற்கும் ஒரு காரணம் உங்கள் மனதில் ஓடும், அது என்ன என்று கேட்டார். மரியாதையாக, நம்பிக்கையாகக் கேட்டார்.

அக்கா, "பார்த்து..." என்றார்.

அத்தோடு நின்றுவிட்டார். மேசைக்கு அடியில் அவர் காலை என் காலால் இடித்தேன். பார்ட்னர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"அது எனக்குத் தெரியாதுங்க."

ஆலைத் தலைவர் காகிதத்தைப் புரட்டினார். வருஷம் முழுக்க நீங்கதானே முன்னால நிப்பீங்கன்னு போட்டிருக்குது என்றார்.

"நிப்பேங்க. ஆனா பெயிண்ட் ஷாப் கதவைத் தாண்டினா நானும் ஒரு விருந்தாளிதாங்க."

பார்ட்னர் சட்டென்று புகுந்து பார்த்துச் சொல்கிறோம் என்றார். அழகாகச் சொன்னார். ஆனால் அந்த அறையில் அப்போது யாரும் அவரைக் கேட்கவில்லை. பெயிண்ட் ஷாப் வேலையை மட்டும் அன்றே எங்களுக்குக் கொடுத்தார் ஆலைத் தலைவர். மற்றதற்கு வேறு ஆட்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பெரிய வேலை போனது. அக்காவின் பெயர் பட்டியலிலிருந்து போனது யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

திரும்பும்போது எனக்கு வந்த கோபத்தில் சூளகிரி வரை வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் அவ்வளவு தூரம் போனதே சாதனை. பிறகு பொரிந்து தள்ளிவிட்டேன். அது பொய்யா, பித்தலாட்டமா, யாரையாவது கெடுக்கிற வார்த்தையா, பார்த்துச் சொல்கிறோம் என்பதில் என்ன தப்பு இருக்கிறது, காலையில் அத்தனை தடவை சொன்னீர்களே என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். "பார்த்துச் சொல்றோம்னா பார்க்கணும்ல. பார்த்தாலும் எனக்குத் தெரியாதும்மா."

அக்கா கைப்பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டேங்கைத் துடைக்கிற துணி. அதில் எண்ணெய்ப் பசை ஒட்டினாலும் ஆகாது என்று யாரையும் தொடவிட மாட்டார். அவர் அழுவதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லையே என்ற துக்கமும், இந்த மனுஷியைப் போல ஒருத்தரை இனி நான் பார்க்கவே மாட்டேன் என்ற பெருமையும் ஒன்றாக வந்தன. டிரைவரிடம் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இரண்டு இளநீர் வாங்கினேன். குடித்துவிட்டு, வழுக்கையையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம் அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆலோசனை சொல்ல யார் போனாலும் அந்த ஆலைத் தலைவர் கேட்கும் முதல் கேள்வி, இதில் எது உங்களுக்குத் தெரியாது என்பதாம். போய்வந்தவர்கள் புலம்புவார்கள்.

சில வருடங்களில் நான் பார்ட்னர் ஆனேன். முதல் வருடக் கூட்டம். மதியத்துக்கு மேல் வழக்கமான அறிவிப்பு வந்தது. அக்கா டீ டம்ளரை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு வெளியே போனார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கதவு சாத்தப்பட்டது. நான் உள்ளே இருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன், ஆனால் கதவுக்கு எதிரே உட்கார இடம் கிடைத்ததுதான் சங்கடமாக இருந்தது.

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மின்சார ஸ்கூட்டருக்குப் பேட்டரிப் பெட்டி செய்யும் ஒரு புது ஆலை. பூச்சு எத்தனை மழைக்கும் உரியாது என்று நாங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் வேலை எங்களுக்கு என்றார்கள். கொடுக்கலாமா என்று எங்கள் நிறுவனத் தலைவர் கேட்டார். சுற்றி வந்தது கேள்வி. பார்த்துச் சொல்லலாம் என்றார் ஒருவர். கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அடுத்தவர். நீங்கதான் பெயிண்ட் வேலை நிறையப் பார்த்தவராச்சே, நீங்க சொல்லுங்க என்று என்னிடம் வந்து நின்றது.

வாயில் பதில் தயாராக இருந்தது. மூன்று காரணத்தோடு, வரிசையாக, அடேயப்பா என்று சொல்லும்படி இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்ப யாருக்குத்தான் தெரியும் என்று கேட்டார்.

"வெளிய டீ குடிச்சிக்கினு இருக்காங்க."

யாரோ எழுந்துபோய்க் கூப்பிட்டார்கள். அக்கா டம்ளரோடே வந்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். நான் நகர்ந்து என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காருவதற்கு முன் பின்னால் கதவு சாத்தப்பட்டது. அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு உட்கார்ந்து, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "எந்தத் தகடு? எந்தப் பெயிண்ட்?" என்று கேட்டார்.